கோட்டிலிருந்து விலகாத விமானம்

– டேப்லெட்டை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடி, அக்கா. வெளிச்சம் பட்டா ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது.

– இதுக்கு மேல நிமித்துனா என் மூக்குல இடிக்கும்டா அருளு. மடியெல்லாம் தோசைக்கல்லாட்டம் சுடுது. உன் சாமானை உன் மடியில வச்சுக்கிற வேண்டியதுதான?

– ஓட்டுறது யாரு? நான் வச்சுக்கிட்டா இந்த ஸ்டீரிங் இடிக்கும். இருக்கிறதே ரெண்டு சீட்டு. ஒண்ணு பைலட்டுக்கு, ஒண்ணு டேப்லெட்டுக்கு.

– அப்ப நான் சிலேட்டு வைக்கிற ஸ்டூலா? ஜெய்ப்பூரைக் காட்டுறேன், ஹவா மஹலைக் காட்டுறேன்னு கூப்பிட்டு, ஏர்போர்ட் வாசல்ல ஒத்தைக் கச்சோரியைக் கையில குடுத்துத் திருப்பிக் கூட்டிட்டுப் போற.

– சூரியன் விழறதுக்குள்ள டெல்லி சஃப்தர்ஜங் ஏர்போர்ட்ல இறங்கணும், அக்கா. இருட்டிடுச்சுன்னா இந்த மாதிரி சின்ன விமானத்தை இறங்க விட மாட்டாங்க. அதான் ஜல்தி. அப்புறம், இது சிலேட்டு இல்ல. டேப்லெட் கம்ப்யூட்டர். அமெரிக்காலருந்து ஃபிரெண்டு கொண்டு வந்தது. டெல்லி ஃப்ளையிங் கிளப்புல வேற யார்கிட்டயும் கிடையாது.

– குச்சியால எழுதுறோம், அழிக்கிறோம். சிலேட்டுன்னுதான் சொல்லுவேன்.

– டீக் ஹை, சிலேட்டு. மைக்கை வாய்கிட்ட வச்சுப் பேசு, இன்ஜின் சத்தத்துல பாதி கேட்கல. இப்போ நம்ம விமானம் எங்க இருக்கு, படி.

– இந்தக் குருவி மாதிரிப் படமா? அல்வார்னு எழுதியிருக்கு பாரு, அதுக்குப் பக்கத்துல. கோட்டு மேலயே ஒக்காந்திருக்கு.

– பர்ஃபெக்ட்! கோடு ஜெய்ப்பூர்ல ஆரம்பிச்சு டெல்லில முடியுது. மேல செயற்கைக்கோள் நாம எங்கன்னு சொல்லுது, இது மேப்பை நகர்த்துது. அவ்வளவுதான். நான் குருவியைக் கோட்டு மேல வச்சுக்கிட்டா போதும். முன்னாடியெல்லாம் என்ன பாடு தெரியுமா? பேப்பர் மேப், ஸ்கேல், பென்சில், காத்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், எல்லாத்துக்கும் கணக்கு.

– அந்தப் பேப்பர் மேப் எங்கடா?

– இதோ, என் பக்கத்து ஜன்னல்ல. செல்லோ டேப் போட்டு ஒட்டிட்டேன். இந்தப் பக்கத்து வெயில்தான் ஸ்கிரீன்ல விழுது.

– நல்லா இருக்குடா. ஓட்டுறவன் ஜன்னலுக்குத் திரை. நம்ம சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்ல ஜூன் மாசம் பேப்பர் ஒட்டுற மாதிரி.

– அரே அக்கா, உனக்கு எல்லாத்துலயும் குத்தம். ஞாயித்துக்கிழமை உன் பொண்ணு அகல்யா என்கூட விமானத்துல வரலாமா கூடாதா, அதைச் சொல்லு.

– நாம பேசி வச்சது என்ன? ஒருவாட்டி நான் ஏறிப் பாக்கணும். எறங்கி மண்ணுல கால வச்ச பொறகு சொல்லணும். இன்னும் எறங்கலையே.

– பாதி வழி வந்தாச்சு, ஒரு குலுக்கல் உண்டா? காலைல போறப்போ எப்படிப் போனோம்? கோட்டை விட்டு ஒரு விரக்கடை நகர்ந்திருக்கும், உடனே திருத்திட்டேன். இப்போ பாரு, அதுகூட இல்ல. குருவி இம்மி பிசகாமப் போகுது. இன்னிக்குத்தான் என் கை நல்லா செட் ஆயிருக்கு.

– ஆமா. இம்மி பிசகலதான்.

– என் மடியில உக்கார வச்சுக் காது குத்தின பொண்ணு. தாய்மாமன் வேட்டியெல்லாம் கண்ணீரும் மூக்குச்சளியும். இப்போ அதே மாமன் விமானத்துல ஏற விட மாட்டேங்கிற. போன டிசம்பர்ல, உன்கிட்ட சொல்லாமலே ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனேன், ஞாபகம் இருக்கா?

– எப்பிடி மறக்கும்?

– ஒரு மணி நேரம். சந்தோஷத்துல வாயே திறக்கல அவ. அதுக்கப்புறம் எப்போ கேட்டாலும், "அம்மா விட மாட்டாங்க மாமா"ங்கிறா. சொல்லும்போது முகமே சுண்டிப் போயிடுது. எனக்குப் புள்ளையா குட்டியா, அக்கா? இருக்கிறது அவ ஒருத்திதான். அவளைப் பைலட் ஆக்கிக் காட்டுறேன். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு.

– எறங்கிட்டுச் சொல்றேன்னேன்ல. அல்வார்னா மலை இருக்கணும்ல? போறப்ப பச்சையும் பழுப்புமா மடிப்பு மடிப்பாத் தெரிஞ்சுச்சே.

– இருக்கும். கீழ பாரு.

– பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சப்பாத்திக்கு மாவு பரப்புனாப்ல தட்டையாக் கெடக்கு. கோதுமை அறுத்த கட்டை. ஒரு குன்றுகூட இல்ல.

– புழுதி மூடியிருக்கும். உன் பக்கம் தெரியாது, என் பக்கம் தெரியும்.

– உன் பக்கம் பேப்பர் ஒட்டியிருக்கு.

– ஹா! நல்ல ஜோக். இப்போ குருவி எங்க?

– மலையெல்லாம் தாண்டிருச்சு. ரேவாடி பக்கம் போய்க்கிட்டு இருக்கு. கோட்டு மேலதான்.

– பர்ஃபெக்ட்.

– இந்த பர்ஃபெக்ட்டை விடவே மாட்டியா நீ? எங்க ஆபீஸ்ல ஒரு சார் இருந்தாரு. ரோடு போடுற ஃபைலு மேசை மேசையாப் போயி எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சுன்னா, "ஒர்க் கம்ப்ளீட்டட்"னு ஒரு முத்திரை குத்துவாரு. ரோட்டுல இன்னும் எருமைதான் நிக்கும்.

– உன் அமைச்சகத்துக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

– சம்பந்தம் இல்ல. சும்மா ஞாபகம் வந்துச்சு. அருளு, என் பக்கம் அங்கிட்டுத் தள்ளி ஒரு தீ எரியுது பாரு.

– தீயா? செங்கல் சூளையா இருக்கும். இந்தப் பக்கம் பூரா சூளைதான்.

– செங்கச் சூளை தரையில புகையும். இது அந்தரத்துல எரியுது. ஒரு ஒசரமான குழாய் நுனியில.

– ஏதாவது ஃபேக்டரி. வேஸ்ட் கேஸை எரிப்பாங்க. டேப்லெட்டைச் சாய்க்காத, அக்கா, ஒண்ணும் தெரியல.

– ஒருவாட்டி திரும்பிப் பாரேன்டா.

– பாத்தா கோட்டை விட்டுடுவேன். இப்போ ரொம்ப அழகாப் போயிட்டு இருக்கு, கெடுக்காத.

– சரி. கெடுக்கல.

– என்ன திடீர்னு சைலண்ட் ஆயிட்ட? பயமா இருக்கா? தலை சுத்துதா? பின்னாடி கவர் வச்சிருக்கேன், வாந்தி வந்தா அதுல எடு.

– வாந்தியெல்லாம் வரல. கீழ ஒரு ஆறு வருது.

– சாகிபி நதி. ரேவாடிகிட்ட இருக்கு. வறண்ட ஆறு.

– தண்ணி பளபளன்னு ஓடுது. அகலமா இருக்கு. நடுவுல மணல் திட்டு. தர்பூசணிக்கொடி போட்டிருக்கான்.

– மழை பெஞ்சிருக்கும்.

– ஏப்ரல்லயா? இந்த வறண்ட சீமையிலயா?

– அப்போ கால்வாய். அக்கா, நீ டேப்லெட்டுல ஆறு போட்டிருக்கா பாரு.

– இல்ல.

– அப்போ ஆறு இல்ல. அவ்வளவுதான். இரு, இரு, டெல்லி கண்ட்ரோல் ரேடியோல கூப்பிடுது. பேசிட்டு வர்றேன்.

– பேசு.

– முடிஞ்சுது.

– என்ன சொல்றான்? எனக்கு இங்கிலீஷு கரகரன்னு தொண்டைக்கட்டுக்காரன் பேசுற மாதிரித்தான் கேக்குது.

– எங்க இருக்கன்னு கேட்டான். குர்காவுக்குப் பக்கம் வந்துட்டேன்னேன். ரேடார்ல அங்க யாருமே இல்லையே, மறுபடி சொல்லுங்கிறான். மறுபடி சொன்னேன்.

– அதுக்கு?

– "கன்ஃபர்ம்?"னான். கன்ஃபர்ம்னேன். சின்ன விமானம், தாழப் பறக்குறோம். அவன் திரையில சில நேரம் தெரியாது. இங்க எனக்குத் தெளிவா இருக்கே.

– நீ கண்ணால பாத்துச் சொன்னியா, சிலேட்டைப் பாத்துச் சொன்னியா?

– ரெண்டும் ஒண்ணுதான், அக்கா.

– அருளு.

– என்ன?

– குருவி நின்னுருச்சு.

– ஹேங் ஆயிருக்கும். வெயில்ல சூடாயிடுச்சு. குச்சியால ஒரு தட்டுத் தட்டு.

– ஹேங் ஆகல. கோடு முடியிற எடத்துல நிக்குது. சஃப்தர்ஜங்னு போட்டிருக்கு. வேகம் சைபர், உயரம் சைபர். இதுல நாம எறங்கிட்டோம்டா.

– விளையாடாத.

– நீயே பாரு.

– குடு இங்க. இது எப்படி… இன்னும் ஆயிரம் மீட்டர் உயரத்துல இருக்கோம். இந்த மூலையில மஞ்சள் எழுத்து எப்போலருந்து இருக்கு?

– கெளம்புனதுலருந்து.

– இது டெமோ, அக்கா! பழகுறதுக்கு. வீட்டுல சாப்பாட்டு மேசையில வச்சு ஓட்டிப் பாக்குறது. இதுல செயற்கைக்கோளையே கேட்காது. போட்ட கோட்டுல தானாப் போகும், தானா இறங்கும். நாம எங்க போனாலும் இது கோட்டுலதான் போகும்! ஐயோ, கடவுளே. காலைல சரியா இருந்துச்சே. அகல்யா நேத்து விளையாடுனா…

– அதைப் பொறகு பேசிக்கலாம். இப்ப நாம எங்க இருக்கோம்?

– தெரியல.

– என்னடா தெரியலங்கிற?

– தெரியலன்னா தெரியல! ஒண்ணேகால் மணி நேரமா நான் பாத்துட்டு வந்தது நம்ம விமானத்தையே இல்ல. மாத்தி வைக்கிறேன் இரு. குச்சி எங்க? ச்சே, செயற்கைக்கோளைத் தேடுதுங்குது… அணைஞ்சுடுச்சு. பேட்டரி போயிடுச்சு.

– அதை என் காலடியில போடு. மொதல்ல ஜன்னல்ல இருக்கிற அந்தப் பேப்பரைப் பிய்யி.

– கிழியுது.

– கிழிஞ்சாலும் மேப்புதான. குடு, நான் விரிச்சுப் பிடிக்கிறேன். நீ வெளிய பாரு. என்ன தெரியுது?

– வயல். ஒரு சின்ன ஊர். இந்த மாதிரி ஊர் ஆயிரம் இருக்கு. அக்கா, உனக்கு ஒண்ணு சொல்லணும். டெல்லி நடுவுல, ராஷ்டிரபதி பவன் பக்கம் தெரியாமப் போயிட்டா என் லைசென்ஸ் அத்தோட போச்சு. அது நல்லபடியா நடந்தா. மோசமா நடந்தா, ஏர்ஃபோர்ஸ் விமானமே பக்கத்துல வந்து நம்மள விசாரிக்கும்.

– பெட்ரோலு இருக்கா?

– இருக்கு. வெளிச்சம்தான் கம்மி. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்.

– அப்ப பதறாத. மெதுவா யோசி. பன்னெண்டு வயசுல நீ கரோல் பாக்ல தொலைஞ்சு போனப்ப என்ன செஞ்ச? அழுதுக்கிட்டே ஓடல. கடைசியா பாத்த அல்வாக் கடைக்குத் திரும்பிப் போயி நின்ன. அம்மா அங்கதான வந்து பிடிச்சாக?

– கடைசியா என்ன பாத்தோம்? நான் எதையும் பாக்கல.

– நான் பாத்தேன். மலை இல்ல. தட்டைக் காடு. பொறகு தீ. பொறகு ஆறு.

– இரு. காத்து. ஜெய்ப்பூர்லயே சொன்னாங்க, வடமேற்குலருந்து பலமா அடிக்குதுன்னு. நான் கணக்கே போடல. கோட்டு மேலதான இருக்கோம்னு… வடமேற்குக் காத்துன்னா நம்மள தென்கிழக்கால தள்ளிட்டே வந்திருக்கு. அந்தத் தீ எப்படி இருந்துச்சு, மறுபடி சொல்லு.

– ஒசரமான குழாய். நுனியில தீ. கீழ வெள்ளை வெள்ளையா உருண்டைத் தொட்டிங்க. அது மதுரா தீடா.

– எப்படிச் சொல்ற?

– வருசா வருசம் லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வர்றப்ப ரயில்லருந்து பாக்குறதுதான. அதைப் பாத்ததும் அப்பா, "எந்திரிங்க, மதுரா தீ தெரியுது, டெல்லி வந்துரும், படுக்கையைச் சுருட்டுங்க"ம்பாக. நீ மேல் பெர்த்துல தூங்குவ. உன்னைச் சுருட்டுறதுதான் பெரும்பாடு.

– மதுரா ரிஃபைனரி! உன் பக்கம்னா வலது பக்கம். அப்போ மதுராவை வலது கைப் பக்கம் விட்டுட்டு நாம வடக்கால தாண்டியிருக்கோம். அதுக்கப்புறம் தண்ணி ஓடுற ஆறு. அது சாகிபி இல்ல.

– யமுனை.

– யமுனையைத் தாண்டி உத்தரப் பிரதேசத்துக்குள்ள இருக்கோம், அக்கா. இன்னும் கொஞ்சம் விட்டா பூட்டுக்குப் பேர் போன அலிகர்ல போய்ப் பூட்டு வாங்கியிருப்போம்.

– பாரு, இப்பத்தான் உனக்கு வாய் வருது.

– மேப்புல மதுராவுக்கும் டெல்லிக்கும் நடுவுல ரயில் பாதை போட்டிருக்கா?

– போட்டிருக்கு. யமுனைக்கு மேற்கால. ரயிலும் ரோடும் ஒட்டி ஒட்டிப் போகுது.

– அதான். நான் இடது பக்கம் திருப்புறேன். சூரியனைப் பாத்துப் போவோம். முதல்ல ஆறு வரணும். அப்புறம் ரயில் பாதை. அது வந்ததும் வலது பக்கம் திரும்பினா நேரா டெல்லி. நீ உன் பக்கம் பாரு, நான் என் பக்கம் பாக்குறேன். யார் முதல்ல பாத்தாலும் சொல்லணும்.

– சரி. அதுக்கு முன்னாடி அந்த ரேடியோக்காரன்கிட்ட சொல்லு.

– என்னன்னு?

– வழி தப்பிட்டேன்னு.

– அக்கா, கன்ஃபர்ம்னு ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் சொன்னேன். கிளப்புல எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

– தெரியட்டும். உன்னை அவன் குர்காவுல தேடிக்கிட்டு இருக்கான். சொல்லுடா, என் ராசா.

– சரி. இரு.

– என்னாங்கிறான்?

– திட்டல. குரல் மாறிடுச்சு, அவ்வளவுதான். ரயில் பாதை கிடைச்சதும் சொல்லு, நாங்க சொல்றவரை ஃபரிதாபாதைத் தாண்டாதங்கிறான். கடைசில, "குட் தட் யூ டோல்ட் மீ"ன்னான்.

– நல்ல புள்ளை. யாரு பெத்ததோ. அருளு, ஆறு!

– பாத்துட்டேன். ஒரு மிதவைப் பாலம் தெரியுது. காத்துக்காக மூக்கைக் கொஞ்சம் வலது பக்கம் பிடிக்கிறேன், கோணலாப் போற மாதிரி தெரியும், பயப்படாத.

– கோணலாவே போ. எனக்கு ஒண்ணும் இல்ல.

– அது ரயில் பாதையா?

– அது வாய்க்கால். ரயில் பாதைன்னா ஓரத்துல கம்பம் இருக்கும். இன்னும் போ. அந்தா! கூட்ஸ் வண்டி போகுது. நீளமா, கம்பளிப்பூச்சியாட்டம்.

– ரெண்டு தண்டவாளம், பக்கத்துல ஹைவே. இதுதான். வலது பக்கம் திரும்புறேன், பிடிச்சுக்கோ. சூரியன் இனிமே என் பக்கம் வரும்.

– பேப்பர் ஒட்டட்டுமா?

– போதும் அக்கா, கிண்டல்.

– கிண்டல் பண்ணுனா பயம் கொறையும். அடுத்து பல்வல் வரும். பல்வல் வந்தா நம்ம அப்பா பல் விளக்கிட்டு வந்துருவாக. அடுத்து பல்லப்கர், அது தாண்டுனா அம்மா குழம்புத்தூக்கை எண்ணுவாக.

– அந்தத் தண்ணித் தொட்டி உள்ள ஊர் பல்வல். ஸ்டேஷன் கூரை தெரியுது. மேப்புல வளைவு சரியா இருக்கா?

– இருக்கு. ஊரைத் தாண்டி லேசா வலது பக்கம் வளையுது.

– வளையுது. கீழயும் வளையுது.

– உன் கழுத்து என்னடா இந்தத் திருப்புத் திருப்புது? கோழி தீனி பொறுக்குறாப்ல.

– வேற விமானம் வருதான்னும் பாக்கணும்ல. எல்லாப் பக்கமும் பாக்கணும்னு கிளப்புல முதல் நாளே சொல்லித் தந்தாங்க. நான்தான்… சரி. ஃபரிதாபாத் புகை தெரியுது. டெல்லிகிட்ட கேக்குறேன்.

– கேளு.

– இப்போ ரேடார்ல நம்மளைப் பாத்துட்டானாம். பதர்பூர் சிம்னி மூணும் தெரிஞ்சதும் சொல்லுன்னான். அப்புறம் அவன் சொல்ற பக்கம் திரும்பணும்.

– சிம்னி எனக்குத் தெரியுதே. முருகா. மலை மந்திர்ல உனக்குத் தேங்காய் ஒடைக்கிறேன்.

– அவருக்குத்தான உடைக்கணும்?

– உன் பேருல அவருக்கு. வெளிய பாத்து ஓட்டு.

– அதோ தாமரைக் கோயில். வெள்ளையா. அது தாண்டி மரக்கூட்டம், அதுக்கு நடுவுல ரன்வே. சூரியன் கண்ணுல குத்துது. ஒரு நிமிஷம் பேசாத, அக்கா.

– பேசல.

– இறங்கியாச்சு.

– சிலேட்டுல எறங்குனதை விட மெதுவாத்தான் எறங்குன. இன்ஜினை அணைச்சுட்டியா? அப்பாடா. காதுக்குள்ள இன்னும் ஓடுது. அங்கிட்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்ல விளக்குப் போட்டுட்டான். முருங்கைக்காய் வாங்கிட்டுப் போகணும். என்னடா, பர்ஃபெக்ட்னு சொல்லலையா?

– பெல்ட்டைக்கூட இன்னும் கழட்டல, பாரு.

– கெடக்கட்டும். கொஞ்ச நேரம் இப்பிடியே ஒக்காருவோம்.

– ஏர்போர்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். ஏன் வழி தப்புச்சுன்னு கேப்பாங்க. டேப்லெட் டெமோல இருந்துச்சுன்னு எழுதினா சிரிப்பாங்க. ஆனா அது எப்படி மாறுச்சு, அக்கா? அதான் புரியல. தானா மாறாது. மெனுவுக்குள்ள போகணும், "நிச்சயமா?"ன்னு கேட்கும், ஆமான்னு தட்டணும். அகல்யா நேத்து விளையாடுனதுன்னா காலைலயே தெரிஞ்சிருக்கும்.

– அகல்யா இல்ல. நான்தான்.

– என்னது?

– ஜெய்ப்பூர்ல நீ காத்து மழை நெலவரம் கேக்க உள்ள போனேல்ல, அப்ப. அவ சாப்பாட்டு மேசையில வச்சுப் பழகுறப்ப பாத்திருக்கேன். எங்க தட்டணும்னு தெரியும்.

– உனக்குப் பைத்தியமா? ரெண்டு பேரும் செத்திருப்போம்!

– தப்புத்தான். காத்து தள்ளும்னு எனக்கு எங்கடா தெரியும்? ஆகாசத்துல ரோடா இருக்கு, நேராப் போனா நேராத்தான போகும்னு நெனச்சேன். பத்து நிமிசத்துல நீயே வெளிய பாப்ப, குருவி பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிப்ப, ரெண்டு பேரும் சிரிப்போம்னு நெனச்சேன். நீ பாக்கல. மலை இல்லன்னேன், புழுதின்ன. தீன்னேன், சூளைன்ன. ஆறுன்னேன், சிலேட்டுல இல்லைன்னா ஆறே இல்லைன்ன.

– நேரா சொல்ல வேண்டியதுதான? "அருளு, நான் மாத்தி வச்சேன்"னு?

– சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். சொன்னா உன் கை தடுமாறுமோன்னும் இருந்துச்சு. அதுக்கு நீ என்ன திட்டுனாலும் வாங்கிக்கிறேன்.

– எதுக்கு செஞ்ச? அதைச் சொல்லு.

– காலைல போறப்ப உன்னையே பாத்துக்கிட்டு வந்தேன். இங்க கெளம்புனதுலருந்து அங்க எறங்குற வரைக்கும் உன் கண்ணு சிலேட்டை விட்டு எந்திரிக்கல. மலை போச்சு, ஏரி போச்சு, ஒட்டகம் போச்சு. நீ எதையும் பாக்கல.

– புரிஞ்சுது. பரிட்சை வச்ச. நான் ஃபெயில்.

– அப்பிடிச் சொல்லாத.

– வேற எப்படிச் சொல்றது? டீக் ஹை, அக்கா. அகல்யாகிட்ட நானே சொல்லிடுறேன். அம்மா விடல, ஞாயித்துக்கிழமை கிடையாதுன்னு. பாவம், அழுவா.

– அழ மாட்டா.

– உனக்கு என்ன தெரியும்? அவ முகத்தை நான் பாத்திருக்கேன். அந்தப் பொண்ணுக்கும் எனக்கும் நடுவுல நீ ஒருத்திதான் நிக்கிற. இன்னிக்கு நிக்கிறதுக்கு உனக்கு ஒரு காரணமும் குடுத்துட்டேன்.

– அருளு, கடைசி அரை மணி நேரம் ஓட்டுனேல்ல, கோழியாட்டம் கழுத்தைத் திருப்பித் திருப்பி. அதை அவகிட்ட சொல்லுறேன். மாமாவுக்கு ஓட்டத் தெரியுதுடி, சிலேட்டு இல்லாம அருமையா ஓட்டுறான்னு சொல்லுறேன். அதுக்குப் பொறகு அவளா வர்றேன்னா கூட்டிட்டுப் போ. நீயாக் கேக்காத.

– இரு, இரு. அப்போ நீ விடுறியா? சரிங்கிறியா?

– நான் என்னைக்குடா வேணாம்னேன்? "மாமா வெளிய பாக்கவே இல்லம்மா, எனக்குப் பயமா இருக்கு, சொன்னா அவருக்கு மனசு நோகும், உங்க பேரைச் சொல்லிக்கிறேன்"னு டிசம்பர்லயே அழுது முடிச்சவ அவதான்.